பாதி வரி மட்டும் மிஞ்சிய ஏடு: ஆக்ஸிரிங்கஸ் பாப்பிரஸ் 654இன் இடைவெளிகள், 1903–1989

பின்னணி

கெய்ரோவுக்குத் தெற்கே சுமார் 160 கிலோமீட்டர் தூரத்தில் இருக்கும் அல்-பஹ்னசாவுக்குப் பழைய பெயர் ஆக்ஸிரிங்கஸ். ஊரைச் சுற்றிப் பல நூற்றாண்டுகளாகக் கொட்டிய குப்பை மேடுகள் உண்டு. மழை அரிதான மண் என்பதால் அங்கே எறிந்த பாப்பிரஸ் (நாணல் போன்ற செடியிலிருந்து செய்த) தாள்கள் மக்கிப்போகவில்லை. 1897இல் ஆக்ஸ்ஃபோர்டிலிருந்து வந்து தோண்டிய இரு இளம் அறிஞர்களுக்கு ஒரு கிரேக்க ஏட்டின் ஒற்றைத் தாள் கிடைத்தது. அதில் ஒவ்வொரு வாசகமும் 'இயேசு சொல்கிறார்' என்று தொடங்கியது. அவற்றுள் சில விவிலியத்தில் இல்லாதவை. அந்தத் தாளைப் பாப்பிரஸ் 1 என்று எண்ணிட்டு அதே ஆண்டில் அச்சிட்டார்கள். 1903இல் அவர்கள் மீண்டும் தோண்டியபோது அதே வகையைச் சேர்ந்த இன்னும் இரண்டு துண்டுகள் வந்தன. 1904இல் அவை 654, 655 என்ற எண்களில் வெளியாயின.

மூன்றும் தோமா நற்செய்தியின் பகுதிகள் என்று இன்று நமக்குத் தெரியும். மயிலாப்பூர், பரங்கிமலை மரபுகளில் நாம் அறிந்த அதே தோமாவின் பெயரில் வழங்கிய, 114 வாசகங்கள் கொண்ட நூல் அது. அதை முழு ஞானவாத (மறைஞானமே மீட்பு தரும் என்ற பழைய கிறிஸ்தவப் போக்கின்) நூல் என்பதா, ஞானவாதிகள் விரும்பி வைத்திருந்த நூல் என்பதா என்ற விவாதம் இன்னும் ஓயவில்லை. 1904இல் இந்த விவாதத்துக்கே இடமில்லை. தோமா நற்செய்தி என்ற பெயரில் அன்று கையில் இருந்த நூல், இயேசுவின் பிள்ளைப் பருவக் கதைகளைச் சொல்லும் வேறொன்று.

ஏட்டில் கண்டவை

654 நூலுக்கென்று செய்த தாள் அல்ல. ஒரு பக்கம் நில அளவைப் பட்டியல். அதன் வேலை முடிந்தபின் மறுபக்கத்தில், கி.பி. 3ஆம் நூற்றாண்டில், யாரோ இந்த வாசகங்களைப் படியெடுத்திருக்கிறார்கள். மிஞ்சியவை 42 வரிகள். இடது ஓரம் ஒழுங்காக இருக்கிறது. வலப்பக்கம் மேலிருந்து கீழ்வரை போய்விட்டது. ஆகவே எந்த வரியும் முழுதாக இல்லை, ஆனால் பெரும்பாலும் ஒவ்வொரு வரியின் தொடக்கமும் இருக்கிறது.

இவ்வகைச் சிதைவில் முதலில் தெரிய வேண்டியது ஒரு வரிக்கு எத்தனை எழுத்து என்பது. வலது விளிம்பு இல்லாத தாளில் அதை அளந்து பார்க்க முடியாது. வேறு வழியில் உறுதியாகத் தெரிந்த ஒரு தொடர் வேண்டும். அது 6 முதல் 9 வரையிலான வரிகளில் கிடைத்தது. தேடுகிறவன் கண்டடையும்வரை நிறுத்தக் கூடாது, கண்டதும் வியப்பான், வியந்தபின் ஆள்வான், ஆண்டபின் இளைப்பாறுவான் என்ற அடுக்கு வாசகம் அது. பழங்காலக் கிறிஸ்தவ எழுத்தாளர் அலெக்ஸாண்டிரியாவின் கிளெமென்ட் இதை ஏறத்தாழ இதே சொற்களில் மேற்கோள் காட்டியிருந்தார். அதை வைத்து நிரப்பினால் வரிக்கு 30 முதல் 33 எழுத்து வருகிறது. 13 முதல் 17 வரை ஏட்டில் இருப்பவை, மற்றவை இழந்தவை.

இந்த எண்ணிக்கையையும் இறுக்கமாகப் பிடிக்கக் கூடாது. கிரேக்க எழுத்துகளில் அயோட்டா ஒரு கோடு மட்டுமே, ஓமெகாவும் மியூவும் அகலமானவை. எழுதியவர் வரிக்கடைசியில் நெருக்கியிருக்கலாம். மூன்று எழுத்து கூடுவதும் குறைவதும் இயல்பு. கிரேக்க ஏடுகளில் சொல்லுக்குச் சொல் இடம் விடும் பழக்கமும் இல்லை. எனவே ஒரு வரியின் தொடக்கத்தில் நிற்கும் இரண்டு எழுத்து தனிச் சொல்லா, மேல்வரியில் தொடங்கிய சொல்லின் வாலா என்பதைக் கண்ணால் சொல்ல முடியாது. இந்த ஏட்டில் நேர்ந்த பெரிய தவறு இந்த இடத்தில்தான்.

முதல் ஐந்து வரிகளில் மிஞ்சியதைத் தமிழில் வைத்துப் பார்த்தால் இவ்வளவுதான்: 'இவையே … சொற்கள்', 'உயிருள்ள இயேசு சொன்ன, க…', '…உம் தோமா, மேலும் சொன்னார்', '…அன் இந்தச் சொற்களின்', 'சுவைக்கவே மாட்டான்'.

1904: எடுத்த முடிவுகளும் அவற்றின் காரணங்களும்

முதல் பதிப்பாசிரியர்கள் அவசரக்காரர்கள் அல்ல. அவர்களுடைய ஒவ்வொரு முடிவுக்கும் காரணம் இருந்தது. அதனால்தான் இந்த நிகழ்வைப் படிப்பதில் பயன் இருக்கிறது.

முதல் வரியில் 'சொற்கள்' என்பதற்கு ஓர் அடைமொழி வேண்டும். 'தௌமாசியோய்' என்று நிரப்பினார்கள், அதாவது 'வியப்பான' சொற்கள். மொழிபெயர்ப்பில் கேள்விக்குறியும் இட்டார்கள்.

இரண்டாம் வரி முடிகிற இடத்தில் காப்பா என்ற ஒற்றை எழுத்து தப்பியிருந்தது. 'உயிருள்ள இயேசு' என்பதை அடுத்துக் காப்பா வந்தால் 'கூரியோஸ்' என்று வாசிக்கத் தோன்றும். 'உயிருள்ள ஆண்டவர்' ஆயிற்று. இங்கே ஒரு தடை இருந்தது. இயேசு, ஆண்டவர், கடவுள் போன்ற பெயர்களைக் கிறிஸ்தவ எழுத்தர்கள் சுருக்கி எழுதி மேலே கோடிடுவது வழக்கம். இந்த எழுத்தரும் இயேசுவின் பெயரை மூன்றே எழுத்தில் முடித்திருக்கிறார். 'ஆண்டவர்' என்று எழுதியிருந்தால் அதையும் அவர் இரண்டு எழுத்தாகச் சுருக்கியிருக்கத்தான் வாய்ப்பு அதிகம்.

மூன்றாம் வரியில் தோமாவின் பெயர் கடைசி சிக்மா ('ஸ்' எழுத்து) இல்லாமல் நிற்கிறது. எழுவாயாக இருந்தால் சிக்மா வர வேண்டும். இல்லாததால் அதை நான்காம் வேற்றுமையாகக் கொண்டு, இயேசு யாரோ ஒருவருக்கும் 'தோமாவுக்கும்' சொன்ன சொற்கள் என்று பொருள் கொண்டார்கள். இலக்கணப்படி நேர்மையான வாசிப்பு இது.

நான்காம் வரித் தொடக்கத்தில் நின்ற 'அன்' என்ற இரண்டு எழுத்தை, 'எவனொருவன்' என்ற தொடரில் வரும் இடைச்சொல்லாக எடுத்தார்கள். மேல்வரியின் இழந்த பகுதியில் 'அவர்களுக்கு: எவனொருவன்' என்று வைத்தார்கள். 'இந்தச் சொற்களின்' என்பது ஆறாம் வேற்றுமை. கிரேக்கத்தில் 'கேள்' என்ற வினை ஆறாம் வேற்றுமையை ஏற்கும். யோவான் 8ஆம் அதிகாரத்தில் இயேசுவின் வார்த்தையைக் கடைப்பிடிப்பவன் 'சாவைச் சுவைக்கவே மாட்டான்' என்ற தொடரும் வருகிறது. எல்லாம் பொருந்தியது: 'இந்தச் சொற்களைக் கேட்கிற எவனும் சாவைச் சுவைக்க மாட்டான்.' இதற்கு அவர்கள் கேள்விக்குறி இடவில்லை.

மூன்றாம் வாசகத்திலும் இதே போக்குதான். 'நம்மை இழுக்கிறவர்கள்', 'அரசு வானில்', 'வானத்துப் பறவைகள்', 'கடல் மீன்கள்', 'உங்களுக்குள்' என்று துண்டு துண்டாக எஞ்சியிருந்தது. கடவுளின் அரசு உங்களுக்குள் இருக்கிறது என்ற லூக்கா 17:21 எல்லோர் நினைவிலும் இருந்தது. எனவே பறவையும் விலங்கும் மீனும் உங்களை விண்ணரசுக்கு இழுத்துச் செல்கின்றன என்று பொருள் வருமாறு நிரப்பினார்கள். வாசகத்தின் கடைசி வரியில் 'நீங்களே' என்பதை அடுத்துப் பெயர்ச்சொல் ஒன்றின் முதல் எழுத்துகள் மட்டும் இருந்தன: பை, தௌ, பிறகு ஓமிக்ரான் என்று அவர்கள் வாசித்த ஓர் எழுத்து. நகரத்தைக் குறிக்கும் பழைய செய்யுள் வடிவமான 'ப்டோலிஸ்' அதில் பொருந்தியது. 'நீங்கள் கடவுளின் நகரத்தில் இருக்கிறீர்கள், நீங்களே அந்த நகரம்' என்று, கேள்விக்குறியுடன், அச்சாயிற்று.

1945–1959: முழு நூல் கிடைக்கிறது

1945 டிசம்பரில் மேல் எகிப்தின் நாக் ஹம்மாடிக்கு அருகே, ஜபல் அத்-தாரிஃப் மலையடிவாரத்தில், ஒரு சாடிக்குள் காப்டிக் மொழி (எகிப்தியக் கிறிஸ்தவர்களின் பழைய மொழி) ஏடுகள் கிடைத்தன. இரண்டாம் ஏட்டின் இரண்டாவது நூல் தோமா நற்செய்தி. 1950களின் தொடக்கத்தில் பிரெஞ்சு அறிஞர் ஒருவர் ஆக்ஸிரிங்கஸ் துண்டுகளும் இதுவும் ஒரே நூல் என்று கண்டுகொண்டார். 1956இல் ஒளிப்படங்களும் 1959இல் மூலமும் மொழிபெயர்ப்பும் வெளியாயின. அரை நூற்றாண்டுக்கு முன் செய்த ஊகங்களைச் சோதிக்கும் வாய்ப்பு வந்தது. இப்படிப்பட்ட வாய்ப்பு ஏட்டுத் துறையில் அபூர்வம்.

காப்டிக் நூலின் தொடக்கம் இது: 'இவை உயிருள்ள இயேசு சொல்லிய, திதிமு யூதா தோமா எழுதிய மறைவான சொற்கள். மேலும் அவர் சொன்னார்: இச்சொற்களின் விளக்கத்தைக் கண்டடைகிறவன் சாவைச் சுவைக்க மாட்டான்.'

காப்பாவில் தொடங்கியது 'ஆண்டவர்' அல்ல, 'மேலும்' என்று பொருள்படும் 'காய்'. தோமா கேட்டவர் அல்ல, எழுதியவர். சிக்மா இல்லாதது எழுத்தரின் விடுபாடு அல்லது வழக்கு. 'அன்' இடைச்சொல் அல்ல. மேல்வரியில் தொடங்கிய 'ஹெர்மெனேயன்', அதாவது 'விளக்கத்தை' என்ற சொல்லின் வால் அது. 'இந்தச் சொற்களின்' என்ற ஆறாம் வேற்றுமை 'கேள்' என்ற வினைக்கு உரியதும் அல்ல, 'விளக்கம்' என்ற பெயருக்கு உரியது.

கேட்டால் போதும் என்ற நூலும், உட்பொருளைத் தேடிக் கண்டால்தான் உயிர் என்ற நூலும் ஒன்றல்ல. அந்த இரண்டு எழுத்தைப் பிரித்த விதத்தில் நூலின் இயல்பே மறைந்து போயிருந்தது.

மூன்றாம் வாசகமும் தலைகீழானது. உங்களை நடத்துகிறவர்கள் 'அரசு வானில் இருக்கிறது' என்றால், பறவைகள் உங்களுக்கு முன்பே போய்ச் சேர்ந்துவிடும். கடலில் என்றால் மீன்கள் முந்திவிடும். பறவையும் மீனும் வழிகாட்டிகள் அல்ல, அந்தப் போதகர்களின் பேச்சை மறுக்க வந்த உதாரணங்கள். 'நீங்களே…' என்ற கடைசித் தொடர்: 'உங்களை நீங்கள் அறியாவிட்டால் வறுமையில் இருக்கிறீர்கள், நீங்களே அந்த வறுமை.' கிரேக்கத்தில் வறுமை 'ப்டோகேயா'. பையும் தௌவும் சரி. மூன்றாம் எழுத்தைப் பின்வந்தவர்கள் ஓமெகாவாகக் கொண்டார்கள். கடவுளின் நகரம் என்று நிரப்பிய இடத்தில் வறுமை இருந்தது.

எழுத்து எண்ணிக்கை ஏன் எச்சரிக்கவில்லை?

எண்ணிப் பார்த்தால் காரணம் புரிகிறது. 'தௌமாசியோய்' கிரேக்கத்தில் 9 எழுத்து. இன்று பதிப்புகளில் காணும் 'அபோக்ரிஃபோய்', அதாவது 'மறைவான', அதுவும் 9. மூன்றாம் வரியில் அன்று நிரப்பிய 'அவர்களுக்கு: எவனொருவன்' 14 எழுத்து. இன்று நிரப்பும் 'எவன் விளக்க…' என்பதும் 14. இடத்துக்குப் பொருந்துகிறது என்ற ஒன்றை மட்டும் வைத்து இவற்றுள் எதையும் தேர்ந்தெடுக்க முடியாது.

ஆனால் எண்ணிக்கைக்கு வேறொரு பயன் உண்டு. காப்டிக்கில் 'திதிமு யூதா தோமா' என்று இருப்பதால் அதை அப்படியே கிரேக்க வரியில் நுழைக்கலாமா? 'மேலும் எழுதிய யூதா என்கிற' வரை வைத்தால் இரண்டாம் வரி 28 எழுத்தில் முடிகிறது. திதிமு என்பதற்கு இன்னும் 7 எழுத்து வேண்டும், வரி 35 ஆகி எல்லையைத் தாண்டும். தோமாவுக்கு முன் தப்பி நிற்கும் 'உம்' என்ற சொல்லும் 'யூதா என்கிற தோமா' என்ற, எடெசா நகர மன்னன் அப்கரின் கதையிலும் காணும், பெயர் வடிவத்தையே காட்டுகிறது. ஆக, கிரேக்கத்தில் திதிமு இல்லை. எண்ணிக்கை ஓர் ஊகத்தைத் தள்ளும், நிலைநாட்டாது.

காப்டிக்கை வைத்து நிரப்பியதிலும் உறுதி ஒரே அளவில் இல்லை. 'விளக்கம்' என்ற இடத்தில் காப்டிக் நூல் அதே கிரேக்கச் சொல்லைக் கடனாக எடுத்து ஆள்கிறது. ஆகவே 'ஹெர்மெனேயன்' கிட்டத்தட்ட உறுதி. 'மறைவான' என்ற இடத்தில் காப்டிக் தன் சொந்தச் சொல்லை ஆள்கிறது. அதற்கு மூலக் கிரேக்கம் 'அபோக்ரிஃபோய்' ஆகவும் இருக்கலாம், 11 எழுத்துள்ள 'கெக்ரிம்மெனோய்' ஆகவும் இருக்கலாம். பதிப்பில் இரண்டும் ஒரே வகைச் சதுர அடைப்புக்குள் நிற்பதால் வாசகருக்கு இந்த வேறுபாடு தெரிவதில்லை.

காப்டிக் நூலுக்கும் எல்லை உண்டு

1959க்குப் பிறகு கிரேக்கத் துண்டுகளைக் காப்டிக்கின்படி நிரப்பும் முயற்சிகள் அடுத்தடுத்து வந்தன. பல இடங்களில் அது சரி. ஆனால் கிளெமென்ட் உதவியால் 1904இலேயே சரியாக நிரப்பிய இரண்டாம் வாசகத்தைப் பாருங்கள். கிரேக்கத்தில் கடைசிப் படி 'இளைப்பாறுவான்'. காப்டிக்கில் அது இல்லை, நடுவே 'கலங்குவான்' என்ற புதிய படி இருக்கிறது. ஐந்தாம் வாசகத்தில் 'வெளிப்படாத மறைபொருள் இல்லை' என்பதை அடுத்து 'புதைக்கப்பட்டது' என்ற சொல் கிரேக்க ஏட்டில் தெளிவாக இருக்கிறது. எழுப்பப்படாத புதைபொருள் எதுவும் இல்லை என்ற இந்தத் தொடர் காப்டிக்கில் அறவே இல்லை. அந்தச் சொல் தற்செயலாக வரியின் இடப்பாதியில் விழுந்ததால் பிழைத்தது. வலப்பாதியில் விழுந்திருந்தால், காப்டிக்கைக் கையில் வைத்துக்கொண்டு யாரும் அதை ஊகித்திருக்க முடியாது.

வாசகங்களின் வரிசையும் மாறுகிறது. பாப்பிரஸ் 1இல் 30ஆம் வாசகத்தோடு சேர்ந்து வரும் 'கல்லைத் தூக்கு, அங்கே என்னைக் காண்பாய். மரத்தைப் பிள, அங்கே நான் இருக்கிறேன்' என்பது காப்டிக்கில் 77இல் இருக்கிறது.

மறுவாசிப்பு: 30ஆம் வாசகம்

பாப்பிரஸ் 1 வெளியான 1897இல் 30ஆம் வாசகத்தின் இடைவெளியைப் பதிப்பாசிரியர்கள் புள்ளியாகவே விட்டார்கள்: 'எங்கே … இருக்கிறார்களோ, … எங்கே ஒருவன் தனியாக இருக்கிறானோ, அவனோடு நான் இருக்கிறேன்.' சரியான முடிவு. பிறகு வந்த திருத்தத்தில் 'எங்கே இருவர் இருக்கிறார்களோ அவர்கள் கடவுள் இல்லாதவர்கள் அல்லர்' என்று நிரப்பினார்கள். இருவர் அல்லது மூவர் என் பெயரால் கூடும் இடத்தில் நான் இருக்கிறேன் என்ற மத்தேயு 18:20 இதற்கு வழிகாட்டியது. 'அல்லர்' என்ற எதிர்மறை முழுவதும் இடைவெளிக்குள் வைத்தது.

பின்னர் ஒருவர் தாளையே புற ஊதா ஒளியில் பார்த்தார். ஒளிப்படத்தில் தெரியாத மைச்சுவடுகள் 'இருவர்', 'அல்லர்' இரண்டுக்கும் இடம் தரவில்லை. 1989இன் ஆய்வுப் பதிப்பில் அந்த இடம் இப்படி: 'மூவர் இருக்கும் இடத்தில் அவர்கள் கடவுள் இல்லாதவர்கள்; ஒருவனே இருக்கும் இடத்தில் நான் அவனோடு இருக்கிறேன்.' கூட்டத்தைப் போற்றிய வாசகம், தனித்திருப்பவனைப் போற்றும் வாசகமாயிற்று. காப்டிக்கோ 'மூன்று கடவுளர் இருக்கும் இடத்தில் அவர்கள் கடவுளர்' என்கிறது. அதைவிடத் தாளின் சுவடே இங்கே தெளிவாகப் பேசுகிறது.

இனி மாற வேண்டியவை

நிரப்பிய பாடத்தை மட்டும் அச்சிடக் கூடாது. எதுவும் நிரப்பாத வெற்றுப் படியெடுப்பு அதன் எதிர்ப்பக்கத்தில் இருக்க வேண்டும். 1931இல் நெதர்லாந்தின் லெய்டனில் வகுத்த குறியீடுகளின்படி, இழந்ததைச் சதுர அடைப்பும், ஐயமான எழுத்தைக் கீழ்ப்புள்ளியும் காட்டுகின்றன. மொழிபெயர்ப்பாளர்கள் முதலில் கைவிடுவது அந்தப் புள்ளிகளைத்தான். சிதைந்த நூலின் மொழிபெயர்ப்பில் அடைப்புகள் கண்ணை உறுத்தினாலும் இருந்தே ஆக வேண்டும்.

ஒவ்வோர் அடைப்புக்கும் அதன் ஆதாரம் என்ன என்று குறிப்பில் சொல்ல வேண்டும்: அதே மொழியில் வேறு மேற்கோள் உண்டா, கடன்சொல்லாகப் பிழைத்ததா, மறுமொழிபெயர்ப்பா, வெறும் ஊகமா. ஒரு சொல் பொருந்தியதும் நிறுத்தாமல், அதே எழுத்தளவில் எதிர்ப் பொருள் தரும் இன்னொரு சொல்லைத் தேடிப் பார்க்க வேண்டும். 654இல் அப்படித் தேடியிருந்தால் 'அன்' ஒரு சொல்லின் வாலாக இருக்கலாம் என்ற எண்ணமாவது எழுந்திருக்கும். நிரப்பிய பாடம் நன்கு அறிந்த விவிலிய வசனம் போலவே ஒலித்தால் ஐயம் கூட வேண்டும், குறையக் கூடாது. தவறிய இடங்களில் மூன்று அப்படி ஒலித்தவைதான். இடைவெளிக்குள் வைத்த 'இல்லை', 'அல்ல' எதையும், தாளைப் புற ஊதா, அகச்சிவப்பு ஒளிகளில் பார்க்காமல் ஏற்கக் கூடாது. கரி மை அகச்சிவப்பில் கருமையாகவே நிற்கும் என்பதால் மங்கிய தாளிலும் சுவடு பிடிபட வாய்ப்புண்டு.

654இன் 15ஆம் வரியில் இன்னும் ஓர் இடைவெளி தீராமல் இருக்கிறது. 'உங்களை, மேலும் அர…' என்பதுபோல் சில எழுத்து மிஞ்சியிருக்க, அடுத்த வரி 'உங்களுக்குள்' என்று தொடங்குகிறது. காப்டிக்கில் வெறும் 'அரசு'. அதை மட்டும் வைத்தால் வரி மிகக் குறுகி நின்றுவிடும், எனவே கிரேக்கத்தில் இன்னும் ஏதோ இருந்திருக்கிறது. 'கடவுளின் அரசு' ஆகவும் இருக்கலாம், 'விண்ணரசு' ஆகவும் இருக்கலாம். பதிப்புகளில் இரண்டும் சதுர அடைப்புக்குள் வழங்குகின்றன.